முப்பத்து மூன்று ஞாயிற்றுக்கிழமைகள்

போன வருடம் ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எட்டேகால் மணி. உத்திரமேரூர் பக்கத்தில் ஒரு புழுங்கல் அரிசி ஆலையின் பின்புறம், கழிவுநீர்க் குழாய் வாய்க்காலில் விழும் இடத்தில், கையில் பாட்டிலோடு குனிந்து நின்றிருந்தேன்.

எனக்கு வயது எழுபத்தொன்று. அரசுப் பள்ளியில் முப்பத்தொரு ஆண்டுகள் ஆய்வக உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். எதையும் எண்ணாமல் என்னால் இருக்க முடியாது. ஆலை வாசலிலிருந்து அந்தக் குழாய்க்கு நூற்றுப் பன்னிரண்டு எட்டு. வீட்டைப் பூட்டினால் பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன். இந்தக் குணத்துக்காகத்தான் ஆலையில் என்னைக் கழிவுநீர்ப் பதிவேட்டுக்கு வைத்தார்கள்.

நெல் ஊறிய தண்ணீரைச் சுத்தம் செய்த பிறகே வாய்க்காலில் விட வேண்டும் என்பது ஆலையை நடத்த அரசு கொடுத்த இசைவாணையின் நிபந்தனை. சுத்தமாகத்தான் விடுகிறோமா என்று ஆலையே மாதம் ஒரு முறை பாட்டிலில் பிடித்து, பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பி, வரும் எண்ணை மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு இணையத்தில் தெரிவிக்க வேண்டும். நம்மைப் பற்றி நாமே எழுதிக் கொடுக்கும் அறிக்கை. அளவு மீறினால் அதையும் நாமே சொல்ல வேண்டும். பாட்டில் பிடிப்பது, எண்ணை ஏற்றுவது, கீழே கையெழுத்துப் போடுவது எல்லாம் நான்தான். முப்பத்து மூன்று மாதங்கள் செய்திருந்தேன். அழுக்கின் அளவு நூறைத் தாண்டக் கூடாது. எனக்கு ஒரு முறைகூட முப்பதைத் தாண்டியதில்லை. பதிவேட்டில் அடித்தல் திருத்தல் கிடையாது. அதில் எனக்குக் கர்வம் உண்டு.

அன்றும் வழக்கம்போல வாய்க்காலில் பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். எண்ணினேன், பதினொரு பேர். நடவுக்கும் களையெடுப்புக்கும் கூலிக்குப் போகிறவர்கள். அவர்களில் ஐம்பது வயது இருக்கும் ஓர் அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னா சாரு, உன் பாட்டிலு ஞாயித்திக்கெயம மட்டும்தான் தண்ணி குடிக்குமா? மத்த நாள்ல விரதமா?"

எல்லாரும் சிரித்தார்கள். "மத்த நாள்ல லாரி வரும், இடைஞ்சலா இருக்கும்மா" என்றேன். மேலாளர் எனக்குச் சொல்லியிருந்த காரணம் அது.

"லாரி முன்னால வருது, நீ பின்னால புடிக்கிற. நாங்க இன்னாத்துக்கு ஞாயித்திக்கெயமயா பாத்துத் தொவைக்கிறோம்னு ஒரு நாளாவது கேட்டுகீறியா? எங்களுக்கு இன்னா லீவா வுடறாங்க? இன்னிக்குத்தான் இது தண்ணியா கீது. புதன்கெயம வந்து கால வெச்சிப் பாரு."

காலைத் தண்ணீரிலிருந்து எடுத்துக் கல்மேல் வைத்தார். விரலிடுக்குகளில் வெள்ளை வெள்ளையாகப் புண்.

சனிக்கிழமை மாலை தொட்டிகளைப் ஆழ்குழாய்த் தண்ணீர் விட்டுக் கழுவுவார்கள். ஞாயிறு ஆலைக்கு விடுமுறை. ஆக, ஞாயிறு காலை அந்தக் குழாயில் வருவது தொட்டி கழுவின தண்ணீர்தான். இது எனக்குத் தெரியாததல்ல. ஐந்தாவது மாதமே ஒரு முறை மனதில் உறுத்தியது. சொன்ன நாளில் பிடிக்கிறோம், வந்த எண்ணை எழுதுகிறோம், ஒரு எண்ணைக்கூட நான் மாற்றவில்லையே என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். மாதா மாதம் அந்தப் பெண்களின் தலையை எண்ணியவன், ஏன் ஞாயிற்றுக்கிழமை என்று கேட்கவில்லை.

பாட்டிலை அங்கேயே கவிழ்த்தேன்.

புதன்கிழமை பகல், ஊறல் தொட்டிகளைத் திறந்துவிடும் நேரம் பார்த்துப் போனேன். பழங்கஞ்சி நிறத்தில் தண்ணீர், மேலே நுரை, குமட்டும் நாற்றம். மூட்டை தூக்குகிறவர்கள் பார்க்கப் பார்க்கவே பாட்டிலைப் பிடித்து மூடி, நாளும் மணியும் எழுதி ஒட்டினேன். ஒரு வாரத்தில் முடிவு வந்தது. நானூற்றுப் பன்னிரண்டு.

மேலாளர் நல்ல மனிதர்தான், என் மகன் வயது. தாளைப் பார்த்ததும் முகம் மாறியது.

"இன்னா சார், பேஜார் பண்ணிக்கினு கீறீங்க? இத்த தூக்கிப் போடுங்க. வர்ற ஞாயித்திக்கெயம வேற ஒண்ணு புடிங்க."

"பிடித்தாயிற்று. இதைத்தான் ஏற்றுவேன்."

"மில்லு மூடிட்டா நாப்பத்தாறு பேருக்கு நீங்களா சோறு போடுவீங்க?"

இந்தக் கேள்வி என்னை அசைத்தது. நாற்பத்தாறு பேரையும் எனக்கு முகம் தெரியும். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நாற்பத்தாறு ஒரு பக்கம், பதினொன்று மறு பக்கம் என்று மனதுக்குள் தராசு ஆடியது. பிறகுதான் உறைத்தது: இரண்டு தொகையையும் எதிரெதிராக வைத்ததே மேலாளர்தான். தண்ணீரைச் சுத்தம் செய்தால் ஆலையும் ஓடும், காலும் ஆறும். கழிவுநீரைச் சுத்தம் செய்ய, அதில் காற்று ஊதும் இயந்திரம் வாங்கி வைத்திருந்தார்கள். மின்சாரம் இழுக்கிறது என்று அதை ஓட்டுவதே இல்லை.

மூன்றாம் நாள் மேலாளர் கடைசிச் சீட்டைப் போட்டார்.

"சரி சார், ஏத்துங்க. ஆனா முன்னாடி முப்பத்திமூணு மாசம் கையெழுத்து போட்டது யாரு? நானா? மொதலாளியா? மாட்னா நீங்கதான் சார் மாட்டுவீங்க."

பழைய படிவங்களை எடுத்துப் பார்த்தேன். தேதிகள் எல்லாம் சரியாகவே எழுதியிருந்தேன். படிவம் தேதி கேட்டது, கிழமை கேட்கவில்லை. நாட்காட்டியை வைத்து எவராவது ஒப்பிட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். எவரும் ஒப்பிடவில்லை, நானும்தான்.

"அப்படியானால் அதையும் எழுதிவிடுகிறேன்" என்றேன்.

"எத்த?"

"அந்த முப்பத்து மூன்றையும்."

அவர் முன்னாலேயே உட்கார்ந்து நானூற்றுப் பன்னிரண்டை ஏற்றினேன். கூடவே ஒரு கடிதம். முப்பத்து மூன்று தேதிகளையும் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே 'ஞாயிறு' என்று போட்டேன். கடைசியில் இரண்டே வரி: 'இவை ஆலை ஓடாத நாளில் பிடித்தவை. பிடித்தவனும் கையெழுத்திட்டவனும் நானே.' அனுப்பும் பொத்தானை ஒரே முறை அழுத்தினேன். மூன்று முறை சரிபார்க்கவில்லை.

மறுநாள் வாசலிலேயே என் குடையையும் சாப்பாட்டுப் பையையும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நூற்றுப் பன்னிரண்டு எட்டும் அன்று மிச்சம்.

பத்து நாள் கழித்து அதிகாரிகள் வந்தார்கள், அதுவும் ஒரு புதன்கிழமை. என்னையும் அழைத்து விசாரித்தார்கள். ஒரு சொல்லையும் நான் குறைக்கவில்லை. ஆலையை மூடவில்லை, கெடு கொடுத்தார்கள். காற்று ஊதும் இயந்திரம் இப்போது தினமும் ஓடுகிற சத்தம் சாலை வரை கேட்கிறது. எனக்கு எழுத்துமூலம் ஓர் எச்சரிக்கை வந்தது. பணி ஓய்வுச் சான்றிதழ் இருக்கும் உறையிலேயே அதையும் வைத்திருக்கிறேன். இரண்டும் என் வேலைக்குக் கிடைத்தவைதான்.

என் கடிதம் ஊர்ப் பேச்சான பிறகு, கால் புண்ணைக் காட்டிய அந்த அம்மாவைப் பேருந்து நிறுத்தத்தில் பார்த்தேன். பாராட்டுவார் என்று உள்ளுக்குள் ஒரு சின்ன ஆசை இருந்ததை மறைப்பானேன்.

"முப்பத்திமூணு மாசம் லேட்டு, சாரு" என்றார். "உங்க ஸ்கூல்ல இத்தினி லேட்டா வந்தா உள்ள வுடுவீங்களா?"

"விட மாட்டோம்" என்றேன்.

"நான் வுடறேன், போ." சிரித்துவிட்டுப் பேருந்தில் ஏறினார்.

சென்ற வாரம் அந்தப் பக்கம் போனபோது வாய்க்கால் கரையில் ஒன்பது சேலைகள் காய்ந்துகொண்டிருந்தன. அன்று வியாழக்கிழமை. அறிக்கைப் படிவத்தில் கிழமைக்கு இன்னும் கட்டம் போடவில்லை. ஆனால் எவர் எந்த எண்ணை என்னிடம் நீட்டினாலும் அது எந்தக் கிழமையில் எடுத்தது என்று நான் கேட்கிறேன், எரிச்சல் படுகிறவர்கள் படட்டும், கேட்டுக்கொண்டேதான் இருப்பேன்.