தோற்ற கோச்சுக்கு ஒட்டிய கண்ணீர் அஞ்சலி

என் கணவர் போடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் வாத்தியார். சாயங்காலங்களில் ஊர்க் கபடி டீமுக்குக் கோச். இரண்டாவது வேலைக்குக் கூலி வசவுதான். எழுபதுகளின் கடைசியில் கல்யாணமாகி அந்த ஊருக்கு வந்தேன். வந்த மாதமே அந்த வசவுகளை மைதானத்தை ஒட்டிய ரோட்டில் போகும்போது என் காதால் கேட்டேன். ஜெயித்தால் பையன்கள் ஜெயித்தார்கள். தோற்றால் வாத்தியார் தோற்கடித்தார். ஊரில் கணக்கு அவ்வளவு எளிதாக இருந்தது.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் நிற்கும் கூட்டத்துக்கு ஒரு ஜீப் டிரைவர் தலைவர். காலையில் போடிமெட்டுக்கு எஸ்டேட் ஆட்களை ஏற்றிப் போவார், மேட்ச் இருந்தால் மதியத்துக்குள் இறங்கிவிடுவார். கொண்டை ஊசி வளைவுகளில் அவர் ஹாரனே அடிக்க வேண்டியதில்லை, வாயைத் திறந்தால் போதும். என் கணவர் யாரை உள்ளே இறக்கினாலும் தப்பு, யாரை உட்கார வைத்தாலும் தப்பு. இவர் பிறப்பையும் டிரைவர் விட்டுவைக்க மாட்டார்.

ஒருநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே என் கணவர் சொன்னார், இப்படியே போனால் கோச் வேலையை விட்டுவிடுவேன் என்று. அந்தக் கட்டாந்தரையில் நிற்கும்போது மட்டும்தான் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் இருக்கும். வீட்டில் பேசவே மாட்டார். அதையும் விட்டுவிட்டால் மனிதரிடம் என்ன மிஞ்சும்?

அந்த வாரம் எங்கள் சபையில் போதகர் அன்பைப் பற்றிப் பேசினார். எதிர்ப்பவர்களை அன்பால் கரைக்கலாம் என்றார். நான் அதை அப்படியே பிடித்துக்கொண்டேன். அடுத்த மேட்சுக்கு ஒரு பெரிய தூக்குவாளி நிறைய மோர் கரைத்து, இஞ்சி தட்டிப் போட்டு, மைதானத்துக்குக் கொண்டுபோனேன். பெண்கள் அந்தப் பக்கமே வர மாட்டார்கள். கூட்டம் விலகி வழி விட்டது. கயிற்றோரமாக நடந்து எல்லோருக்கும் ஊற்றினேன். டிரைவருக்கு இரண்டு டம்ளர். குடித்தார்கள், வாயைத் துடைத்தார்கள், நான் நாலடி நகர்ந்ததும் விட்ட இடத்திலிருந்து ஏச ஆரம்பித்தார்கள்.

ஐந்தாறு வருஷம் ஊற்றினேன். சபையில் பெண்கள் என்னை உதாரணம் காட்டினார்கள். எனக்கு அது பிடித்திருந்தது என்பதை மறைப்பானேன். ஆனால் அந்த மனிதர்கள் மேல் அன்பு இருந்ததா என்றால், இல்லை. முதலில் கொஞ்சம் எரிச்சல் இருந்தது. பிறகு அதுவும் இல்லை. வெகுநேரம் மடக்கி உட்கார்ந்த கால் மாதிரி உள்ளே மரத்துப்போயிருந்தது. கை மட்டும் ஊற்றிக்கொண்டிருந்தது. கோபம் வராததையே கர்த்தர் கொடுத்த பொறுமை என்று நினைத்துக்கொண்டேன்.

எண்பதுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மலைமேல் உள்ள எஸ்டேட்டின் டீமிடம் எங்கள் டீம் இறுதி ஆட்டத்தில் தோற்றது. கபடி கபடி என்று நன்றாகப் பாடிக்கொண்டு எதிர்ப்பக்கம் போகிற பையனுக்கு முழங்கால் வீங்கியிருந்ததால் என் கணவர் அவனை இறக்கவில்லை. கூட்டம் மண்ணை எறிந்தது. மறுநாள் விடிந்தபோது பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒரு போஸ்டர் இருந்தது. மேலே கண்ணீர் அஞ்சலி, கீழே என் கணவர் பெயர், டிரில் வாத்தியார், கபடி கோச், நேற்று மாலை காலமானார். நீல மையில் கையால் எழுதியது.

எங்கள் பக்கத்தில் சாவுச் செய்தி சுவரில் ஏறிவிட்டால் யாரும் இரண்டாம் பேச்சுக் கேட்க மாட்டார்கள். சிலமலையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த ஒருவர் அதைப் படித்துவிட்டு, வந்த சோலியை விட்டு, அதே பஸ்ஸில் திரும்பிப் போய் அந்த ஊரில் இருக்கும் என் நாத்தனாரிடம் சொல்லிவிட்டார். அவர் என் கணவருக்கு மூத்தவர். என் கணவர் படிக்கப் போன இடத்தில் வேதத்துக்கு வந்து கிறிஸ்தவர் ஆனவர், நாத்தனார் குடும்பம் இன்றைக்கும் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். எட்டு மணிக்கெல்லாம் ஏழெட்டுப் பெண்களோடு, கையில் மாலையோடு, மாரில் அடித்துக்கொண்டு எங்கள் தெருவுக்குள் வந்தார். வாசலுக்கு ஓடி வந்த தம்பியின் முகமெல்லாம் சவரச் சோப்பு. நாத்தனார் அப்படியே தெருவில் உட்கார்ந்துவிட்டார்.

விஷயம் புரிந்ததும் எழுதினது யார் என்று கேட்டார். ஊருக்கே தெரிந்திருந்தது. டிரைவரின் ஜீப் தெருமுனையில் ஆள் ஏற்றிக்கொண்டு நின்றது. நாத்தனார் கொண்டையை அவிழ்த்தார். இரண்டு கையாலும் தெருமண்ணை அள்ளிக்கொண்டு ஜீப்பைப் பார்த்து நடந்தார். வயிறெரிந்த பெண் மண்ணை வாரித் தூற்றினால் குடும்பம் விளங்காது என்று பயப்படுகிற ஊர். டிரைவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வெளுத்துப்போய் இருந்தார்.

நான் ஓடிப்போய் நாத்தனாரின் இரண்டு மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டேன்.

"வேணாம் மதினி. நாங்க அவர மன்னிச்சுட்டோம்."

நாத்தனார் கையை விரித்து மண்ணைக் கீழே விட்டார். நான் டிரைவரை உள்ளே கூப்பிட்டு இட்லி வைத்தேன். தலை நிமிராமல் சாப்பிட்டார். சட்னி இரண்டாம் தடவை ஊற்றினேன். என் கணவர் சாப்பிடாமலே பள்ளிக்கூடம் போயிருக்கிறார். மதியம் பாத்திரத்தில் இட்லி மிஞ்சியதைப் பார்த்தபோதுதான் அது எனக்குத் தெரிந்தது. நாத்தனார் எங்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காமல் பஸ் ஏறினார்.

போதகர் இதைப் பிரசங்கத்தில் சொன்னார். மைதானத்தில் ஏச்சு நின்றது. யாராவது ஆரம்பித்தால் டிரைவரே அதட்டினார். நான் ஜெயித்துவிட்டேன் என்று இருந்தேன்.

அடுத்த மேட்ச் காலம் தொடங்குமுன் என் கணவர் விசிலைக் கழற்றி இன்னொரு வாத்தியாரிடம் கொடுத்துவிட்டார். இப்போதுதான் யாரும் ஏசுவதில்லையே, ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன். ஷூவைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

"அவனுக ஏசுனது எனக்குப் பழகிப்போச்சு. எனக்காக எங்கக்கா ஒருத்திதான் மண்ணள்ள வந்தா. நீ அவ கையப் புடிச்சுக்கிட்டு, நாங்க மன்னிச்சுட்டோம்னு சொன்ன. என்னைய ஒரு வார்த்த கேட்டியா?"

இல்லை என்றேன். அவர் ஷூவைப் பெட்டியில் வைத்து மூடினார். அந்தப் போஸ்டரைப் பார்த்தபோது எனக்குக் கோபமே வரவில்லை என்று அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். நல்லவேளை, சொல்லவில்லை.