பல்லேகம வழியில் ஓர் அட்ரினலின் ஊசி

எழுபதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. உடம்பின் கலங்கள், அதாவது செல்கள், ஒன்றுக்கொன்று எப்படிச் செய்தி அனுப்பிக்கொள்கின்றன என்பது பற்றி, மாத்தளையில் ஒரு கல்லூரி மண்டபத்தில் சர்வதேசக் கருத்தரங்கு ஒன்று நடந்தது. நான் அப்போது பல்கலைக்கழக விலங்கியல் துறையில் உதவி விரிவுரையாளர். மாத்தளை என் சொந்த ஊர் என்பதால், விருந்தாளிகளுக்கு அறை பிடிப்பதிலிருந்து கரும்பலகை துடைப்பது வரை எல்லாம் என் தலையில். எனக்கு அதில் வருத்தமே இல்லை. பெரிய ஆய்வாளர்களின் பேச்சைக் கதவோரம் நின்றாவது கேட்கலாமே.

அவர்களில் ஒருவர் ஐரோப்பாவிலிருந்து வந்த உயரமான மனிதர். அட்ரினலினைப் பற்றியே ஆராய்ந்தவர். பயமோ கோபமோ வந்தால் இரத்தத்தில் ஓடிவரும் அந்தச் சுரப்பு, ஈரல் கலத்துக்குள் நுழைவதே இல்லை, வாசலில் நின்று சேதி சொல்வதோடு சரி, மற்றதையெல்லாம் உள்ளே இருப்பவை பார்த்துக்கொள்கின்றன என்று முதல் நாள் விளக்கினார். எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

மறுநாள் அவரைப் பல்லேகமவில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப்போக ஏற்பாடு. தவளையின் இதயத்தில் ஒரு சொட்டு அட்ரினலின் விட்டால் துடிப்பு எப்படி வேகமெடுக்கிறது என்று நான் பிள்ளைகளுக்குச் செய்துகாட்ட வேண்டும். அதற்காக மருந்துக்கடையில் வாங்கிய அட்ரினலின் குப்பிகள், கொதிக்கவைத்துத் துணியில் சுற்றிய கண்ணாடி ஊசி எல்லாம் என் பெட்டியில் இருந்தன. ஜீப்பில் அவரும், யாழ்ப்பாணத்துக்காரரான எங்கள் பேராசிரியரும், நானும். ஓட்டியவர் மாத்தளை முஸ்லிம் ஒருவர். எல்லோரும் அவரை நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவோம்.

இரத்தோட்டை தாண்டி மலை ஏறி இறங்கும் இடத்தில் இஞ்சின் சூடாகிவிட்டது. நானா தண்ணீர் ஊற்ற நிறுத்தினார். வெள்ளைக்காரர் ஓடைப் பக்கம் நடந்தார். சற்று நேரத்தில் கழுத்தைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். குளவி கொட்டியிருந்தது.

முதலில் சிரித்தார். பிறகு கைகளில் தடிப்புத் தடிப்பாக எழும்பியது. உதடு வீங்கியது. குரல் அடைத்தது. மூச்சு இழுக்க ஆரம்பித்தது.

"மிஸ், இது சும்மா கொட்டு இல்ல. எங்க சாச்சா ஒருத்தர் இப்படித்தான் மௌத்தானாரு. ஆஸ்பத்திரிக்குப் போக நேரம் பத்தாது" என்றார் நானா, செத்துப்போன சித்தப்பாவை நினைத்து.

நாடி பிடித்துப் பார்த்தேன். நூல் போல ஓடியது. குளவி விஷத்துக்கு ஏற்பட்ட கடும் ஒவ்வாமை என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அதற்கு மருந்து அட்ரினலின்தான் என்பதும் தெரிந்தது. பெட்டியைத் திறந்தேன்.

பேராசிரியர் என் கையைப் பிடித்தார். "நீர் டொக்டர் இல்லைப் பிள்ளை. ஏதும் நடந்தால் ஆர் பதில் சொல்லுறது?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. வெள்ளைக்காரர் இறந்துபோனால் என் வேலை போகும், ஒருவேளை பொலிஸ் வரைக்கும் போகும். ஆனால் அப்பாவுக்குத் தினமும் இன்சுலின் போடுவது நான்தான். ஊசி போடத் தெரியும். அட்ரினலின் அளவும் எனக்குப் படித்துப் பாடம்.

"நான் பதில் சொல்றேன் சேர். கைய விடுங்க."

விட்டுவிட்டார். குப்பியை நோயாளியின் கண்முன் பிடித்து, "பாதி போடப்போகிறேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அதில் எழுதியிருந்த பெயரைப் படித்தார். பேச முடியவில்லை. சட்டைக் கையை அவரே மேலே சுருட்டினார். புஜத்தில் ஊசியை இறக்கினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பெருமைதான்.

நானா ஜீப்பைத் திருப்பினார். பின் இருக்கையில் நான் அவரை நிமிர்த்திச் சாய்த்துப் பிடித்திருந்தேன். சில வளைவுகள் தாண்டியதும் அவர் நெஞ்சு படபடவென்று அடிப்பது என் தோளில் தெரிந்தது. விரல்கள் உதறின. மெல்ல மெல்ல அந்த இழுப்புச் சத்தம் குறைந்தது. வழியில் மறுபடி இழுக்கத் தொடங்கியபோது மீதியையும் போட்டேன். இந்தத் தடவை சிரிஞ்சை எடுத்துக் கொடுத்தவர் பேராசிரியர்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நல்ல காலம், காத்துக்கிட்டு இருக்காம போட்டுட்டீங்க" என்றார்.

கடைசி அமர்வுக்கு வீங்கிய முகத்தோடு வந்து சேர்ந்தார் அந்த ஆய்வாளர். இத்தனை காலமும் வெளியில் நின்று பார்த்த அட்ரினலினை முதல்முறையாக உள்ளே இருந்து பார்த்தேன் என்றார். மண்டபமே சிரித்தது. பிறகு என்னைக் கதவோரத்திலிருந்து கூப்பிட்டு முன் வரிசையில் தன் பக்கத்தில் உட்காரவைத்தார்.

அன்று சாயங்காலம் பேராசிரியர் என்னிடம், "நான் பயந்துபோனன் பிள்ளை. நீர் பயப்பிடேல்லையோ?" என்று கேட்டார்.

"பயந்தேன் சேர். ஆனா என்ன செய்யணும்னு தெரிஞ்சிருந்துச்சே."

பிறகு நெடுங்காலம் நான் பாடம் நடத்தினேன். மாணவிகள் யாராவது, "இதெல்லாம் படிச்சு என்ன மிஸ் பிரயோசனம்?" என்று கேட்கும்போதெல்லாம், மலைப்பாதையில் ஒரு மனிதருக்கு மூச்சு திரும்பி வந்ததைத்தான் சொல்வேன். பயத்தோடு சேர்த்தே துணிந்து செய்யலாம், படித்ததை நம்பினால் போதும் என்பதை அந்த ஒரு நாள் எனக்குள் ஆழப் பதித்துவிட்டது.