ஆறுதல் சொல்லும் தலைவர்

“பதறாதீங்கம்மா, ஆள் கெளம்பியாச்சு” என்று இடது காதில் இடுக்கிய ரிசீவருக்குச் சொல்லிக்கொண்டே, வலது கையால் கம்ப்யூட்டரில் ‘வடக்கு’ என்று தட்டி என்டரை அழுத்துகிறார் நம் தலைவர். மறுமுனையில் ஒரு பெண் நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவே லிஃப்டில் மாட்டிக்கொண்டு நிற்கிறாள். ஆள் கிளம்பவில்லை. மெக்கானிக் அவர் முதுகுக்குப் பின்னால்தான், முகவரிச் சீட்டுக்காகக் கையை நீட்டியபடி நின்றுகொண்டிருக்கிறார்.

“சார், அட்ரஸ்.”

“இருய்யா, பாலத்தைத் தாண்டிக்கிறேன்.”

பாலம் எங்கே என்று கேட்காதீர்கள். திரையில் பாலமும் இல்லை, ஆறும் இல்லை. கறுப்புப் பின்னணியில் பச்சை எழுத்துகள் மட்டுமே. ‘நீ ஒரு மரப்பாலத்தில் நிற்கிறாய். வடக்கே காவலன்’ என்று எழுத்து சொல்லும். இவர் ‘வெட்டு’ என்று பதில் எழுதுவார். வெவ்வேறு ஊரில் இருக்கும் பலர் சேர்ந்து ஆடும் எழுத்து விளையாட்டு அது. லிஃப்ட் பராமரிப்புக் கம்பெனியின் புகார்ப் பிரிவில் உட்கார்ந்து பதினோரு வருடமாக ஆடுகிறார். கறுப்புத் திரையைப் பார்த்து மேனேஜர் இன்றுவரை ஏதோ பெரிய கம்ப்யூட்டர் வேலை என்றே நம்புகிறார். ஆபீசில் இவருக்கு ‘சிஸ்டம் சார்’ என்று பெயர். அந்த மரியாதையைக் கூச்சமே இல்லாமல் வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறார்.

படம் போட்ட விளையாட்டு ஆடுபவர்களைக் கண்டால் இவருக்கு ஆகாது. “அதெல்லாம் கிலுகிலுப்பை. மூளை உள்ளவன் எழுத்துலதான் ஆடுவான்” என்பார். அந்த மூளை வீட்டில் என்ன செய்கிறது என்று மனைவியைக் கேட்க வேண்டும். “நாலு கேள்வி கேட்டா ஒரு ‘ம்’ வரும். அதுவும் எந்தக் கேள்விக்குன்னு நாமதான் கண்டுபிடிச்சுக்கணும்” என்கிறார் அந்த அம்மா.

விளையாட்டிலோ இவர் கோட்டைத் தலைவர். கீழே ஏழு பேர். ஏழு பேருக்கும் இவர் அன்பே உருவானவர். யார் வணக்கம் சொன்னாலும் நொடியில் பதில் வணக்கம். யார் ஜெயித்தாலும் பாராட்டு. யாராவது ‘அடி தவறிடுச்சு தலைவரே’ என்று புலம்பினால் உடனே ஆறுதல். இதில் எதையும் இவர் தட்டுவதில்லை. எந்தச் சொல் வந்தால் எந்தப் பதில் போக வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறார். மீதியை மென்பொருள் பார்த்துக்கொள்கிறது. “நான் கையே வைக்க வேணாம், குடித்தனம் அது பாட்டுக்கு நடக்கும்” என்று மெக்கானிக்கிடம் பெருமையடித்திருக்கிறார்.

ஏழு பேரில் ஒருவர் மருத்துவச்சி. விளையாட்டில் காயத்துக்கு மருந்து போடுவது அவர் வேலை. எந்த ஊர்ப் பெண் என்று தெரியாது. ஒருமுறை போன் நம்பர் மட்டும் கொடுத்து வைத்திருந்தார். அவர் எல்லாவற்றையும் கையால்தான் அடிப்பார். எழுத்துப்பிழை இல்லாமல் ஒரு வரி வந்ததில்லை. ஆனால் தலைவர் அடிபட்டு விழுந்தால், கூப்பிடுவதற்கு முன்பே வந்து நிற்பார். பதினோரு வருடத்தில் ஒரு தடவைகூடத் தாமதித்ததில்லை.

போன புதன்கிழமை மத்தியானம் தலைவர் கான்டீனில் இருந்தார். எழுத்து விளையாட்டின் மேன்மை பற்றி அக்கவுண்ட்ஸ் பெண்ணுக்கு வகுப்பெடுத்துவிட்டு, கையைத் துடைத்தபடி வந்து உட்கார்ந்தார். திரையில் இப்படி இருந்தது:

மருத்துவச்சி: ‘ரெண்டு நாளா வரல மன்னிச்சிருங்க. எங்க வீட்டுகாரர் முந்தாநாள் தவறிட்டார்.’

தலைவர்: ‘பரவாயில்ல! அடுத்த தடவை கண்டிப்பா சரியா விழும். விட்றாதீங்க!’

கொல்லன்: ‘தலைவரே, என்ன இது?’

மருத்துவச்சி: ‘சரிங்க தலவரே.’

அதற்குக் கீழே, மருத்துவச்சி கோட்டையை விட்டு வெளியேறினார் என்று ஒரு வரி. பிறகு கொல்லன். பிறகு வரிசையாக மற்ற ஐந்து பேரும்.

தலைவருக்குக் காது மடல் சூடேறியது. அந்தப் பெண்ணை நினைத்து என்று எண்ணிவிட வேண்டாம். இத்தனை நாள் பேசியது ஆள் இல்லை என்ற குட்டு ஏழு பேர் முன்னால் உடைந்துபோயிற்றே, அதுதான்.

சீட்டு வாங்க வந்த மெக்கானிக் பின்னால் நின்று முழுவதையும் படித்துவிட்டார்.

“இதை நீங்களா சார் எழுதுனீங்க?”

“நான் எங்கய்யா எழுதினேன்? ஆட்டோமேட்டிக். ‘தவறி’ன்னு வந்தா அது போயிடும். வார்த்தை ஒண்ணாப் போச்சு, நான் என்ன பண்றது?”

“புருஷன் செத்துட்டான்னு ஒரு பொம்பள சொல்லுது. அதுக்குமா சார் ஆட்டோமேட்டிக்?”

தலைவர் கீபோர்டை நேராக நகர்த்தி வைத்தார்.

“நம்பர் இருக்குன்னீங்களே, ஒரு போன் அடிங்க.”

“போன்ல என்னத்தய்யா பேசுறது? எனக்கு அதெல்லாம் வராது.”

ஒரு நாளைக்கு அறுபது போன் பேசுகிறவர் இதைச் சொன்னார். மெக்கானிக் சீட்டைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

தலைவர் போனை எடுத்தார். நாலு எண்களை அழுத்திவிட்டு வைத்தார். சரி, எழுதியாவது அனுப்புவோம் என்று ‘அம்மா’ என்று தட்டினார். அதற்குமேல் ஒரு சொல் வரவில்லை. அழித்தார். பச்சைக் கோடு அதே இடத்தில் மினுக்கிக்கொண்டு நின்றது.

அப்புறம்தான் அவருக்கு உயிர் வந்தது. பதில்கள் எழுதி வைத்த கோப்பைத் திறந்தார். ‘தவறிட்டார்’, ‘தவறிட்டாங்க’ என்று புதிதாகச் சேர்த்தார். யோசித்து ‘காலமாயிட்டார்’, ‘இறந்துட்டார்’, ‘போய்ச் சேந்துட்டார்’ என்று ஒன்று விடாமல் போட்டார். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு பதில் எழுதினார். முக்கால் மணி நேரம். ஒரு கமா வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். இரண்டு தடவை போன் அடித்தது. “பதறாதீங்க, ஆள் கெளம்பியாச்சு” என்று சொல்லி வைத்தார்.

சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டுமே. வேறொரு பெயரில் தானே உள்ளே நுழைந்து, ஆளில்லாத கோட்டையில் நின்று, ‘எங்க வீட்டுக்காரர் தவறிட்டார்’ என்று தட்டினார்.

‘தாங்க முடியல அம்மா. நீங்க தனியா இல்ல, நாங்க இருக்கோம். எந்த நேரமானாலும் என்னைக் கூப்பிடுங்க’ என்று தலைவரிடமிருந்து உடனே வந்தது.

அவர் அதை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, கண்களைத் துடைத்துக்கொண்டார்.