இருநூறு வந்தால் எல்லாம் சரி என்று நினைத்தேன்

அன்று காலை பிரிண்டரில் வந்த தாளில் ஒரே வரிதான் இருந்தது: இன்று சப்ளை இல்லை. டிஸ்பாட்ச் இன்சார்ஜ் முனிராஜ் வழக்கம்போல் அதில் கையெழுத்துப் போட்டு போர்டில் குத்தினார். லாரி கிளம்பவில்லை. காண்ட்ராக்ட் ஆட்களில் பாதிப் பேரை கேட்டிலேயே திருப்பி அனுப்பினார்கள். பதினோரு மணிக்கு கர்நாடக பார்டருக்கு அந்தப் பக்கமிருந்து போன் வந்தது. நாங்கள் செய்து அனுப்பும் பிராக்கெட் வராததால் கஸ்டமரின் அசெம்பிளி லைன் நின்றுவிட்டதாம்.

அந்தத் தாளை அச்சடித்தது நான் எழுதிய புரோகிராம். இப்போது வேலைக்கு வருகிற பிள்ளைகள், “பார்சர் எழுதுறது ஈஸிதானே மேடம்?” என்று கேட்கிறார்கள். ஈஸிதான். நானும் ஒன்பது நாளில் எழுதி முடித்தேன்.

1. போன்

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருடங்கள். ஓசூரில் இரும்புத் தகட்டை அழுத்தி பாகங்கள் செய்யும் ஒரு பிரஸ் ஷாப். கம்ப்யூட்டர் பிரிவு என்றால் நான் ஒருத்திதான். மணப்பாறையிலிருந்து அப்பா இங்கே ஃபேக்டரி வேலைக்கு வந்தவர். அந்த ஃபேக்டரி மூடிவிட, வீடு என் சம்பளத்தில் ஓடியது.

முனிராஜுக்கு சானமாவு பக்கம், காட்டோரத்தில் ஊர். “ரோட்டுல யானை நின்னுச்சுங்க” என்று அவர் தாமதமாக வந்தால் யாரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள். வீட்டில் தெலுங்கு, எங்களோடு தமிழ், கஸ்டமரோடு கன்னடம். தினமும் காலையில் கஸ்டமரின் ஸ்டோர்ஸுக்கு போன் போட்டு, “இவத்து எஷ்டு பேக்கு சார்?” என்று அன்றைக்கு எத்தனை வேண்டும் எனக் கேட்பார். போனை வைத்துவிட்டு சில நாள், “ஐநூறுன்னு சொல்றாரு. கொரலு சரியில்லீங்க, எழுநூறா ஏத்திடலாம்” என்பார். பெரும்பாலும் எழுநூறுதான் தேவைப்படும்.

எங்கள் எம்.டி.க்கு இந்தக் குரல் கணக்கு பிடிக்காது. கஸ்டமர் அன்றன்றைய தேவையை வெப் சர்வரில் ஷெட்யூலாகப் போட ஆரம்பித்ததும் என்னைக் கூப்பிட்டார். “இனிமே போன் கீன் எதுவும் வேணாம்மா. சர்வர்ல வர்றதுதான் ஷெட்யூல். நீ எடுத்து பிரிண்ட் குடு.”

2. கிளாஸ்

சர்வர் அனுப்புகிற ரெஸ்பான்ஸ் தபால் கவர் மாதிரி. முதல் வரியில் ஒரு நம்பர் இருக்கும். இருநூறு என்றால் சரி, நானூற்று நாலு என்றால் நாம் கேட்ட பக்கமே அங்கே இல்லை. அதற்குக் கீழே நீளம், தேதி மாதிரி விவரம் சொல்லும் ஹெடர்கள், பிறகு ஒரு காலி வரி, அதன்பிறகுதான் உள்ளே இருக்கிற விஷயம். இதைப் பிரித்துக் கொடுக்க, புரோகிராமில் பார்சர் கிளாஸ் என்று ஒரு பகுதி எழுதினேன். எங்கள் டயல்-அப் லைன் பாதியில் அறுந்துபோகும், அதனால் ஹெடரில் சொன்ன நீளமும் வந்து சேர்ந்த நீளமும் ஒன்றுதானா என்றுகூடப் பார்த்தேன். அதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை.

எம்.டி. ஒன்றே ஒன்றுதான் கேட்டார். “எரர் கிரர்னு இங்கிலீஷ்ல ஸ்கிரீன்ல வரக்கூடாது. ஃப்ளோர்ல இருக்கறவங்க மெஷினை விட்டுட்டு வந்து வேடிக்கை பார்ப்பாங்க.” சரி என்று, உள்ளே ஷெட்யூல் டேபிள் கிடைக்காவிட்டால் கிளாஸ் ஒரு காலி லிஸ்டைத் திருப்பித் தருமாறு எழுதினேன். லிஸ்ட் காலி என்றால் ‘இன்று சப்ளை இல்லை’ என்று அச்சாகும்.

முதல் வாரம் முனிராஜ் என் மேஜைக்கு வந்தார். “மேடம், மிசின் சொல்றத ஒருவாட்டி போன்லயும் கேட்டுக்கட்டுங்களா?”

“வேணாம்ண்ணா. இது உங்க ஸ்டோர்ஸ்காரர் மாதிரி மாத்தி மாத்திப் பேசாது” என்றேன். அவர் சிரித்தார். அந்த வாரமே டிஸ்பாட்ச் போனில் வெளியூருக்குப் பேச முடியாதபடி எஸ்.டி.டி. லாக் போடச் சொன்னதும் நான்தான்.

3. அந்த நாள்

லைன் நின்ற செய்தி வந்ததும் அன்றைய ரெஸ்பான்ஸைத் திறந்து பார்த்தேன். முதல் வரி இருநூறு. ஹெடர் சரி. நீளம் சரி. உள்ளே இருந்தது மட்டும் ஷெட்யூல் இல்லை, லாகின் பக்கம். முந்தின நாள் அவர்கள் ஏதோ மாற்றியிருக்கிறார்கள், சர்வர் மறுபடி பாஸ்வேர்ட் கேட்டிருக்கிறது. என் கிளாஸ் அதில் டேபிளைத் தேடி, காணாமல், காலி லிஸ்டைக் கொடுத்துவிட்டது.

பிரிண்ட் எடுத்துக்கொண்டு எம்.டி. ரூமுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் படித்துவிட்டு தாளை நான்காக மடித்தார்.

“சாஃப்ட்வேர் தப்புன்னு சொன்னா, கஸ்டமர் நம்ம சிஸ்டத்தையே நம்ப மாட்டான். ஆள் தப்புன்னா ஆளை மாத்திட்டோம்னு சொல்லிடலாம். நீ சீட்டுல போய் உக்காரும்மா.”

நான் போய் உட்கார்ந்தேன். பயம், வேறென்ன. மூன்று மணிக்கு விசாரணை என்ற பெயரில் எல்லோரையும் கூப்பிட்டார்கள்.

“தாள்ல இல்லன்னு இருந்துச்சுங்க சார்” என்றார் முனிராஜ்.

“தாள்ல இருந்தா? இத்தனை வருஷத்துல வேலை நாள்ல சப்ளை இல்லாம இருந்திருக்காய்யா? ஒரு வார்த்தை கேக்கத் தோணலையா உனக்கு?” என்றார் எம்.டி.

முனிராஜ் என்னைப் பார்த்தார். நான் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். அன்று சாயங்காலமே டிபன் பாக்ஸோடும் ஒரு பையோடும் அவர் கேட்டைத் தாண்டிப் போனார்.

4. இருபது நிமிடம்

மறுநாள் கிளாஸைத் திருத்தினேன். சப்ளை உண்டு, சப்ளை இல்லை என்ற இரண்டோடு ‘தெரியவில்லை, போன் செய்து கேட்கவும்’ என்று மூன்றாவதாக ஒரு பதில் சேர்த்தேன். இருபது நிமிட வேலை. டிஸ்பாட்ச் போனின் லாக்கையும் எடுக்கச் சொன்னேன். புதிதாக வந்த இன்சார்ஜுக்குக் கன்னடம் வராது. ஈஸிதானே என்று கேட்கிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: சர்வரிலிருந்து என்ன வந்ததென்று தெரியாதபோது, தெரியவில்லை என்றே சொல்லுகிற மாதிரி எழுதுங்கள். இந்தத் தொழிலில் நான் கற்றுக்கொண்டது அவ்வளவுதான், அதையும் இன்னொருவர் வேலையைக் கொடுத்துக் கற்றுக்கொண்டேன்.

ஐந்தாறு வருடம் கழித்து கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். நான் ஒதுங்கப் பார்த்தேன், அவர்தான் “மேடம்!” என்று ஓடிவந்தார். மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் வாட்ச்மேனாம்.

“சீசன் முடிஞ்சா அதுவும் இல்லீங்க” என்றார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். “அன்னிக்கு நான் ஆபீஸ் ரூமுக்கு வந்தாவது ஒரு போன் போட்டிருக்கணும். என்னால கம்பெனிக்கே கெட்ட பேராப் போச்சு. உங்க மிசினுக்கும்தான். மனசுல வெச்சுக்காதீங்க மேடம்.”

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். ஓசூர் பஸ் வந்து நின்றது.

“பரவாயில்லைண்ணா, விடுங்க. எல்லாருக்கும் நடக்கறதுதான்” என்றேன்.

அவர் முகம் தெளிந்துவிட்டது. என் தப்புக்கு அவரை நான் மன்னித்துவிட்டு, பஸ் ஏறினேன்.