பம்பாயிலிருந்து துபாய்க்கு மூன்று மணி நேரம்

மாமா துபாயிலிருந்து வந்த மறுநாளே அவர்மேல் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அப்போது நான் ஆறாம் வகுப்பு. அட்லஸில் நூல் வைத்து ஊர்களுக்கிடையே தூரம் அளக்க டீச்சர் சொல்லித் தந்திருந்தார். விருத்தாசலத்தில் உட்கார்ந்துகொண்டு உலகத்தையே அளந்துகொண்டிருந்தேன்.

“பம்பாயிலேருந்து துபாய்க்கு பிளேன்ல எவ்ளோ நேரம் மாமா?”

“ஒரு பகலு, ஒரு ராத்திரி புள்ள.”

“ஜன்னல்ல என்னா தெரிஞ்சுது?”

“வயலு. ஒரு ஆறு. அதுல எருமைங்க குளிச்சுதுங்க.”

அட்லஸில் அந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே முழுக்க நீலம். நூல் காட்டிய தூரம் இரண்டாயிரம் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. விமானம் மணிக்கு எண்ணூறு போகும் என்றார் டீச்சர். ஏறி இறங்கும் நேரத்தைச் சேர்த்தாலும் மூன்று மணி. மாமா சொன்னபடி பார்த்தால், அவருடைய விமானம் எங்கள் ஊர் பஸ்ஸைவிடக் கொஞ்சம்தான் வேகம்.

அம்மாவுக்கு அவர் இரண்டு துபாய்க் கோப்பைகள் கொண்டுவந்திருந்தார். பீங்கான் சுடும் ஊர் எங்களுடையது. கோப்பை கைக்கு வந்தால் கவிழ்த்து, அடியில் உள்ள முத்திரையைப் பார்ப்பது எல்லோருக்கும் பழக்கம். அப்பாவை நாங்கள் அத்தா என்போம்; சூளையில் வேலை பார்த்த அவரும் பார்த்தார். முத்திரை இருக்க வேண்டிய இடம் உப்புத்தாளில் தேய்த்ததுபோல் சொரசொரவென்றிருந்தது.

“வெள்ளிக்கெழம வர்றவங்களுக்கு இதுல டீ குடுக்காத” என்று மட்டும் அம்மாவிடம் சொன்னார். உடைந்துவிடும் என்று பயப்படுகிறார் என நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை பெண்ணாடத்திலிருந்து மாப்பிள்ளை பார்க்க வந்தார்கள். மாமா ஊரைவிட்டுப் போவதற்கு முன் வந்த இரண்டு இடங்கள், அவருக்கு வேலை இல்லை என்று தட்டிப்போயிருந்தன. இவர்கள் துபாய் என்ற சொல்லுக்காகவே வந்தவர்கள். பெண்ணின் அத்தா பேச்சுவாக்கில் அதே கேள்வியைக் கேட்டார். மாமா அதே பதிலைச் சொன்னார்.

“அடேயப்பா, பெரிய பயணந்தான்!”

“இல்லைங்க, மூணு மணி நேரந்தான். நூலு வெச்சு அளந்தேன்” என்றேன்.

“பாத்தீங்களா, வூட்டுலயே வக்கீல வெச்சிருக்கீங்க” என்று அவர் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். மாமா மட்டும் சிரிக்கவில்லை. விமானம் தாமதம் என்றோ வேறு ஊர் சுற்றிப் போனது என்றோ சொல்லித் தப்பித்திருக்கலாம்.

“புள்ள சொல்றதுதான் சரிங்க. நான் பிளேன்ல ஏறல. ஏஜெண்டு பம்பாயிலயே வுட்டுட்டுப் போயிட்டான். ரெண்டு வருசமா அங்க ஒரு ரொட்டிக் கடையிலதான் இருந்தேன்.”

வந்தவர்கள் மரியாதைக் குறைவாக ஒன்றும் பேசவில்லை. டீயைக் குடித்து முடித்து, “போயிட்டு வரோங்க” என்றார்கள். பெண்ணாடத்திலிருந்து அப்புறம் தகவல் வரவில்லை. அடுத்த வாரம் மாமா பம்பாய்க்கு ரயிலேறினார். போகும்போது என் தலையில் கை வைத்தார். கோபமா இல்லையா என்று அந்தக் கையிலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. பொய்யைப் பிடித்துவிட்ட பெருமை எனக்கு இருந்தது. அம்மா ஏன் என்னோடு பேசவில்லை என்பதுதான் புரியவில்லை.

மாதம் பிறந்ததும் அம்மா வழக்கம்போல் மாமாவுக்குக் கடிதம் எழுதி, பெட்டியில் போடச் சொல்லி என்னிடம் தந்தாள். அதே நீல நிற இன்லாண்ட் லெட்டர், அதே பம்பாய் முகவரி. இரண்டு வருடமாக மாதம் தவறாமல் அதைப் போட்டு வந்தவள் நான்தான். அங்கிருந்து பிளேனில் ஏற்றி துபாய்க்கு அனுப்புவார்கள் என்று அம்மா சொல்லியிருந்தாள். உள்நாட்டுக் கடிதத்தைக் கடல் தாண்டி எடுத்துப் போக மாட்டார்கள் என்பது எனக்குத் தெரிய இன்னும் சில வருடங்கள் ஆயின.