மூன்றாவது சொந்தக்காரர்

என் அம்மா நெஞ்சில் சளி கட்டிப் படுக்கையில் கிடந்த அந்த ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலத்தில், லிபோரியோ மாமா எங்கள் தெருவில் தன் காரை ஓட்டவில்லை. தெருமுனையிலேயே இன்ஜினை அணைத்துவிடுவார். இறங்கி, ஒரு கையால் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு, தோள் கொடுத்துத் தள்ளுவார். எங்கள் தெரு மேடு. கோயில் பின்புறம் போய்ச் சேர்வதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிவிடும். அங்கே போய்த்தான் மறுபடி ஸ்டார்ட் செய்வார். எங்கள் மலை ரோட்டில் வருஷாவருஷம் நடக்கும் கார்ப் பந்தயத்துக்கு முந்தைய வாரங்களில் ஊரெல்லாம் கார்கள் கத்திக்கொண்டு திரியும். எங்கள் வாசலை மட்டும் அந்தச் சிவப்புக் கார் ஓசையில்லாமல் கடந்து போனதை நான் ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தேன். அம்மா தேறி எழுந்த பிறகு அவரிடம் நன்றி சொன்னேன். "பெட்ரோல் மிச்சம் பண்ணினேன், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

அந்தக் காரைப் பற்றிச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது.

முதலில் அதை வாங்கியவர் பலெர்மோ நகரத்துப் பிரபு ஒருவர். உலகச் சண்டைக்கெல்லாம் முந்தி, வடக்கேயிருந்து புதிதாக இறக்கினார். எங்கள் மலைப் பந்தயத்தில் முதலாவதாக வந்தார். அந்த நாளில் ஓட்டுகிறவர் பக்கத்தில் மெக்கானிக்கும் உட்கார்ந்து போவார். அடுத்த வருஷம் ஊற்றடி வளைவில் கார் சறுக்கிக் கவிழ்ந்தபோது, பிரபு மூக்கில் கீறலோடு எழுந்து வந்தார். மெக்கானிக் எழுந்து வரவில்லை. பிரபு அதன் பிறகு அந்தக் காரின் முகத்திலேயே விழிக்கவில்லை. எங்கள் ஊர் மருந்துக்கடைக்காரர் கத்தால்தோவுக்குக் கொடுத்துவிட்டார். அவரும் அதை நேராக்கி ஓட்டினார். இரண்டாவதாகவும் மூன்றாவதாகவும் வந்தார். ஒரு மழை நாளில் பழகப் போனவர் திரும்பவில்லை. பள்ளத்தில் வாதுமை மரங்களுக்கு நடுவே காரையும் அவரையும் கண்டெடுத்தார்கள். அவர் மனைவி காரை வைக்கோல் கொட்டகைக்குள் தள்ளிப் பூட்டினாள். சண்டை நடந்த வருஷங்களில் கோழிகள் அதன் இருக்கையில் முட்டையிட்டன.

லிபோரியோ மாமா அப்போது வண்டிக்காரர். கோவேறு கழுதை பூட்டிக் கோதுமை ஏற்றுவார். பின்னால் லாரி ஓட்டப் பழகினார். லாரி வந்த பிறகு கழுதைக்கு வேலையில்லை. மருந்துக்கடைக்காரர் மனைவிக்கோ தோட்டத்துக்கு ஒரு கழுதை வேண்டியிருந்தது. காரை எடுத்துக்கொண்டு போ, என் கண்ணில் மட்டும் படக்கூடாது என்று அவள் சொல்லிவிட்டாள். உதைக்கிற கழுதையைக் கொடுத்துவிட்டுக் கொல்லுகிற கழுதையை வாங்கிவந்தான் என்று மதுக்கடையில் ஒரு வாரம் சிரித்தார்கள்.

சிரித்தவர்களுக்கும் உள்ளே பயம்தான். அந்தக் கார் தெருவில் வந்தால் ஆண்கள் பேச்சை நிறுத்திவிட்டுச் சட்டைப்பைக்குள் கைவிட்டு வீட்டுச் சாவியைத் தொடுவார்கள். இரும்பைத் தொட்டால் கெட்டது அண்டாது. ரெண்டு பேரைத் தின்றாயிற்று, மூணாவது ஆள் வண்டியிலேயே ஏறிவிட்டான் என்பதுதான் ஊர்ப்பேச்சு.

அவருக்குப் பயமில்லை என்று யாரும் நினைக்கவேண்டாம். ஒவ்வொரு பந்தயத்துக்கும் முன்னால் ஒரு சுவருக்குப் பின்னே போய் வாந்தியெடுத்துவிட்டு வருவார். அப்புறம் எதற்கு மாமா இது என்று ஒரு தடவை கேட்டேன்.

"ஏறி உக்கார்ற வரைக்கும்தான் பயம், நுன்சியா. கிளம்பிட்டேன்னா அதால என்னைப் புடிக்க முடியறதில்ல."

அவரைப் பிடிக்க முடியாத அந்தப் பயமெல்லாம் வீட்டில் இருந்த குரோச்சேத்தா மாமியைப் பிடித்துக்கொண்டது. பந்தயம் நெருங்க நெருங்க மாமி ரொட்டிக்கு மாவு பிசையும்போது உப்புப் போட மறப்பாள். கணவர் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருப்பாள், கடைசித் தடவை பார்க்கிற மாதிரி.

எங்கள் பக்கத்தில், ஆபத்திலிருந்து தப்பியவர்கள் அதை ஒரு சின்னப் பலகையில் வரையச் சொல்லி மாதா கோயிலில் நேர்ச்சையாக மாட்டுவார்கள். ஆலிவ் மரத்திலிருந்து விழுந்தவன், கழுதையிடம் உதைபட்டவன், கிணற்றுக்குள் போன குழந்தை என்று சுவர் நிறையப் படங்கள். மேலே மேகத்தில் மாதா, கீழே பிழைத்தவரின் பெயர். நடந்த பிறகு மாட்டுவதுதான் வழக்கம். மாமி ஒரு வருஷம் முந்திக்கொண்டாள்.

"முன்னாடியே குடுத்துட்டா மாதாவால மறுக்க முடியாதுல்லடி?" என்று என்னிடம் கேட்டாள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

வண்டிகளுக்குச் சித்திரம் எழுதும் கோசிமோவிடம் போனோம். அவர் எதையும் கேட்காமல் தனக்குத் தெரிந்த மாதிரி வரைந்துவிட்டார். ஊற்றடி வளைவு. சக்கரங்கள் மேலே பார்க்கக் கவிழ்ந்து கிடக்கும் சிவப்புக் கார். பக்கத்தில் லிபோரியோ மாமா இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நிற்கிறார். மேகத்தில் மாதா. கீழே அவர் பெயரும் அந்த வருஷமும்.

கோயில் பாதிரியார் கல்செதோனியோ சாமி படத்தை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பி மாமி கையிலேயே வைத்தார். "நடக்காததுக்கு நன்றி சொல்றது செபமில்லம்மா, மிரட்டல்" என்றார்.

வீட்டுக்கு வந்து படத்தைத் துணியிலிருந்து பிரித்தபோதுதான் இரண்டு பேருக்கும் உறைத்தது. மாமி சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"கவுந்து கெடக்கணும்னு நானே வரைய வச்சுட்டேனே, நுன்சியா."

எரிக்க முடியாது, உள்ளே மாதா இருக்கிறாள். வைத்திருக்கவும் முடியாது. கடைசியில் ஒரு மேஜைவிரிப்பில் சுற்றி மாவுப்பெட்டிக்குப் பின்னால் செருகினோம். அன்றையிலிருந்து மாமி மாவெடுக்க என்னைத்தான் அனுப்பினாள்.

பந்தயத்தன்று காலையில் ஆடுகளையெல்லாம் உள்ளே கட்டி, கதவுகளைக் கயிற்றால் இழுத்துக் கட்டினார்கள். ரோட்டில் சுண்ணாம்பால் மாமாவின் பெயரை எழுதியிருந்தார்கள். ஆண்கள் ரொட்டியும் வறுத்த தொத்திறைச்சியும் எடுத்துக்கொண்டு சுவர்மேல் ஏறி உட்கார்ந்தார்கள். மாமியும் நானும் கோயிலுக்குள் போய் முழங்காலில் நின்றோம்.

கார்களை ஒவ்வொன்றாக இடைவெளி விட்டு அனுப்புவார்கள். கோயிலுக்குள்ளிருந்தே எந்தக் கார் எந்த வளைவில் என்று காது சொல்லிவிடும். முதல் சுற்றில் மாமாவின் கார் பள்ளத்தாக்கிலிருந்து ஏறி வந்தது. ஊற்றடிக்கு வந்ததும் சத்தம் முனகலாக இறங்கிப்போயிற்று. வெளியே சுவர்மேல் இருந்தவர்கள் கேலியாகச் சிரித்தார்கள். "லிபோரியோ, இறங்கித் தள்ளுடா!" என்று ஒருவன் கத்தினான். பிறகு சத்தம் மறுபடி ஏறி மலைக்குள் மறைந்தது. மாமி செபமாலையைத் தொடர்ந்தாள்.

இரண்டாவது சுற்று. வேறொரு கார் உறுமிக்கொண்டு போயிற்று. இரண்டு சத்தமும் கலக்கும்படி பின்னாலேயே மாமாவின் கார். ஊற்றடி வந்தது. சத்தம் இறங்கியது. இறங்கி, நின்றுபோயிற்று.

நாங்கள் காத்திருந்தோம். அது மறுபடி கிளம்பவில்லை. சுவர்மேல் யாரும் சிரிக்கவும் இல்லை. மாமியின் விரல்கள் ஒரே மணியைப் பிடித்தபடி நின்றுவிட்டன. பிறகு வெளியே யாரோ "புகை" என்றார்கள்.

மாமி எழுந்து ஓடினாள். செருப்பு ஒரு பக்கம் போயிற்று. நான் பின்னால் ஓடினேன். கல் படிக்கட்டு இறங்கி, வேலியைத் தாண்டி, வளைவுக்கு மேலே உள்ள மேட்டுக்கு வந்து பார்த்தேன். கீழே சிவப்புக் கார் சக்கரங்கள் மேலே பார்க்கக் கவிழ்ந்து கிடந்தது. பக்கத்தில் லிபோரியோ மாமா இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றார். கோசிமோ வரைந்தது அப்படியே. நான் சிலுவை போட்டுக்கொண்டேன். அவர் செத்துப்போய் இது அவருடைய ஆவியோ என்றுகூட ஒரு நொடி நினைத்தேன், மாதா மன்னிப்பாளாக.

அப்புறம்தான் ஊற்றுத் தொட்டி ஓரமாக இன்னொரு சிவப்புக் கார் ஒழுங்காக நிற்பது கண்ணில் பட்டது. அதுதான் மாமாவுடையது. கவிழ்ந்தது முன்னால் போன கார். அதை ஓட்டிவந்த பொலோஞ்ஞா நகரத்துக்காரரை மாமா ரோட்டிலிருந்து இழுத்துப் புல்லில் கிடத்தியிருந்தார். பின்னால் வரும் கார்களை நிறுத்தத்தான் கைகளைத் தூக்கி ஆட்டிக்கொண்டு நின்றார். மாமா வழக்கமான வேகத்தில் வந்திருந்தால் அந்த மனிதர் மேலேயே ஏறியிருப்பார். தானும் பிழைத்திருக்க மாட்டார்.

தொட்டியில் கை கழுவும்போது மெதுவாக என்னிடம் சொன்னார். "நேத்து மெழுகுவத்தி தேடி மாவுப்பெட்டிகிட்ட போனேன். அப்பதான் அந்தப் படத்தைப் பாத்தேன். இந்த வளைவுல மட்டும் காரை மெதுவா நடக்க விடலாம்னு நினைச்சேன். அவகிட்ட சொல்லாத."

நான் சொல்லாமலே மாமி கண்டுகொண்டாள். சாமியும் அடுத்த ஞாயிறு படத்தை வாங்கிச் சுவரில் மாட்டினார். இப்போது இது பொய் சொல்லவில்லை என்றார். பொலோஞ்ஞாக்காரர் ஊன்றுகோலோடு வந்து அதற்குக் கீழே ஒரு வெள்ளிக் கால் செய்து மாட்டிவிட்டுப் போனார். ஊரே மாதாவைப் புகழ்ந்தது. லிபோரியோ மாமா மட்டும் அந்தப் படத்தைப் பார்க்க மாட்டார். பூசைக்கு வந்தால் எதிர்ப்பக்க பெஞ்சில் உட்காருவார்.

அவர் மறுபடி பந்தயம் ஓடவில்லை. காரைக் கழுதைக் கொட்டகையில் பூட்டிவிட்டார். அந்த மனிதர் பிழைத்துவிட்டாரே, பிறகு என்ன பயம் என்று கேட்டேன். அதுதான் பயம் என்றார். மூணாவது இன்னும் பாக்கி. அப்படி நம்புவது பாவம் இல்லையா மாமா என்றேன்.

"மாதாவை நம்பறேன். காரைத்தான் நம்பல."

வருஷங்கள் போகப் போக, பிரபு ஜெயித்த கார் எங்கே என்று ஆட்கள் தேடி வரத் தொடங்கினார்கள். பலெர்மோவிலிருந்து வந்தார்கள், அப்புறம் மிலானிலிருந்து. ஒருவர் கையுறை மாட்டிக்கொண்டு குதிரையைத் தடவுவது போல அதைத் தடவினார். புதுக் கல்யாணக்காரர்; மனைவி வாசலில் கோழிகளோடு விளையாடிக்கொண்டிருந்தாள். கேட்டதைத் தருகிறேன் என்றார். மாமா அந்தப் பெண்ணைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு அவரை வெளியே வரச்சொல்லிக் கதவைச் சாத்தினார். அன்றைக்கு மாமி தட்டை உடைத்தாள். கூரை ஒழுகுகிறது, கட்டிலுக்கடியில் வாளி வைத்துத் தூங்குகிறோம், இரும்பைக் கட்டிக்கொண்டு அழு என்று தெருவுக்கே கேட்கும்படி திட்டினாள். கஞ்சன் என்றார்கள், கிறுக்கன் என்றார்கள். அவர் கொட்டகைக்கு இன்னொரு பூட்டு வாங்கிப் போட்டார்.

மாமி படுக்கையில், செபமாலையோடு, நிம்மதியாகத்தான் கண்மூடினாள். அதன் பிறகு, தூரினில் கல்யாணமாகிப் போயிருந்த அவர் மகள் வந்து அவரைத் தன்னோடு அழைத்துக்கொண்டாள். கிளம்புவதற்கு முன்னால் மாமா தானே கல்லும் சுண்ணாம்பும் குழைத்துக் கொட்டகையின் கதவை மறைத்துச் சுவர் கட்டினார். மூச்சு வாங்க வாங்கக் கட்டினார். யாரையும் உதவிக்கு விடவில்லை.

சதுக்கத்தில் பஸ் நின்றது. வழியில் சாப்பிட ரொட்டியும் ஆட்டுப் பாலாடைக்கட்டியும் கொண்டுபோய்க் கொடுத்தேன். மகள் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தாள். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்; சுண்ணாம்பு பட்டு விரலெல்லாம் வெடித்திருந்தது.

"எவனாவது வந்து கேப்பான், நுன்சியா. அந்தக் காருக்குச் சொந்தக்காரன் இன்னும் சாகலைன்னு சொல்லு. நான் செத்த பிறகும் அதையே சொல்லு."