கீழ்பென்னாத்தூர் வரைக்கும் ஒரு கதை

எழுத வேண்டும் என்ற ஆசை திருவண்ணாமலையில் பலருக்கு இருந்தது. எழுதிப் பிழைக்க வேண்டும் என்ற ஆசை முருகையனுக்கு மட்டும்தான் இருந்தது. அதனால் அவனை யாரும் எழுத்தாளன் என்று சேர்த்துக்கொள்ளவில்லை.

பஸ் ஸ்டாண்டில் ஒரு தனியார் பஸ் கம்பெனியின் அறையில் அவனுக்கு டைம் கீப்பர் வேலை. வண்டி வந்ததையும் போனதையும் குறித்து வைக்க வேண்டும். நடுவில் கிடைக்கும் நேரத்தில் கதை எழுதுவான். வாரப் பத்திரிகைகளுக்கு அனுப்புவான். இரண்டு கதைகள் அச்சில் வந்தன. மற்றவை திரும்பி வந்தன. சில திரும்பியும் வரவில்லை.

எழுபத்தைந்தாம் வருடம் பொங்கலுக்குச் சொந்த ஊரான கீழ்பென்னாத்தூருக்குப் போகும் பஸ்ஸில் அவனுக்கு முன் சீட்டில் ஓர் ஆள் வாரப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தான். அந்த ஆளுக்குப் பக்கத்தில் கத்தரிக்காய் விற்றுவிட்டுக் காலிக் கூடையோடு திரும்பும் பொன்னி. அவளும் தலையைச் சாய்த்து அதே பக்கத்தைப் படித்தாள். ஊர் வந்தது. முருகையனும் பொன்னியும் இறங்கினார்கள். இறங்கியவள் ஜன்னலடிக்கு வந்து நின்றாள்.

"யோவ், அந்தப் பொண்ணு கிணத்துல வியுந்தாளா இல்லியா?"

"அது அடுத்த பக்கத்துல கீதும்மா."

"பார்த்துச் சொல்லேன். சோறு எறங்காது எனக்கு."

விசில் ஊதிவிட்டார்கள். அந்த ஆள் அவசரமாகப் பக்கங்களைத் தள்ளிப் பார்த்து, வண்டி நகர நகரக் கழுத்தை வெளியே நீட்டிக் கத்தினான். "வியல! வியல!"

பொன்னி சிரித்துக்கொண்டே கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடந்தாள்.

கதை நன்றாக இருக்கிறதா என்பதை மட்டும் இத்தனை நாள் யோசித்திருந்தோமே என்று முருகையனுக்குத் தோன்றியது. படிக்கிறவள் எங்கே இறங்குவாள் என்று யோசிக்கவில்லை. ஊர் வருவதற்குள் முடிகிற கதை. தனிப் புத்தகமாக, மெல்லிசாக. அதை பஸ்ஸிலேயே விற்க வேண்டும்.

திருவண்ணாமலைக் கோயிலின் பேகோபுரத்துக்குப் பக்கத்தில் ஒண்டுக் குடித்தனம் அவர்களுக்கு. மனைவி சந்திரம்மாளிடம் வேலையை விடப்போவதாகச் சொன்னான். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"விட்டுட்டு?"

"எழுதப் போறேன்."

"இப்பவும் எழுதிக்கினுதான கீறீங்க?"

"இப்ப எழுதறேன். அப்புறம் அதுல சாப்பிடப் போறோம்."

அவள் கல் பொறுக்குவதை நிறுத்தவில்லை. "கார்த்திகை தீபம் வரைக்கும் பாருங்க. அதுக்குள்ள அடுப்பு அதுல எரிஞ்சா சரி. எரியலன்னா ஸ்டாண்டுக்குப் போயிடணும். மூஞ்சியைத் தூக்கிக்கக் கூடாது."

பஸ் முதலாளியும் அதையேதான் சொன்னார். தீபக் கூட்டத்துக்கு அனுபவமுள்ள ஆள் வேண்டும். அதுவரை அந்த நாற்காலி முருகையனுக்கு என்றார்.

மாசி மாதம் கதையை எழுதி முடித்தான். மாமியாரிடம் கோபித்துக்கொண்டு தாய் வீட்டுக்குக் கிளம்பும் மருமகளுக்கு வழியில் மாமியார் எதிரே வருகிறாள் என்று கதை. சந்திரம்மாளை பஸ்ஸில் ஏற்றி ஜன்னலோரம் உட்கார வைத்தான். அவள் எட்டாவது படித்தவள். உதடு அசைய, வாய்விட்டுப் படிப்பாள். பஸ்ஸில் வருகிறவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் படிப்பார்கள் என்பது அவன் கணக்கு. அவள் படிக்கப் படிக்க, எந்தப் பக்கத்தில் எந்த ஊர் வருகிறது என்று ஓரத்தில் குறித்தான். சோமாசிபாடி தாண்டியதும் அவன் அண்ணன் ரோட்டோரம் நிற்பது தெரிந்தது. முருகையன் எழுந்துபோய் டிரைவரிடம் சொன்னான்.

"அண்ணன் ரோட்டுல கொள்ளு போட்டிருக்காருங்க. கொஞ்சம் மெதுவா ஏத்துங்க."

"எல்லார் கொள்ளு மேலயும் மெதுவாதாம்பா ஏத்தறேன். உன் அண்ணன் கொள்ளு இன்னா ஒசத்தி?"

பின் சீட்டுக்காரர்கள் படிப்பதை நிறுத்தவேண்டாம் என்று சந்திரம்மாளைக் கேட்டுக்கொண்டார்கள். அவள் குரலை உயர்த்தினாள். கீழ்பென்னாத்தூர் வரும்போது மாமியாரும் மருமகளும் ஒரே மரத்தடியில் உட்கார்ந்து அழுதார்கள். கடைசி வரியும் விசிலும் ஒன்றாக முடிந்தன. கண்டக்டர்கூடக் கண்ணைத் துடைத்தார். தூசி என்று சொன்னார்.

டவுனில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகம் ஒன்றில், இரண்டு கல்யாணங்களுக்கு நடுவே புத்தகம் அச்சானது. சித்திரை பிறந்ததும் விற்பனைக்குக் கொடுத்தான். விற்றவன் காசி. பஸ்ஸுக்கு பஸ் ஏறிச் சீப்பும் ஊக்கும் விற்பவன். குரல் பெரிது.

"கீழ்பென்னாத்தூர் கதை! ஏறும்போது ஆரம்பம், எறங்கறதுக்குள்ள முடிவு! முடியலன்னா என்னைக் கேளு!"

முடியவில்லை. ஒருவருக்கும் முடியவில்லை.

முதல் வண்டி கீழ்பென்னாத்தூரில் நின்றபோது வாங்கியவர்கள் யாரும் எழுந்திருக்கவில்லை. கண்டக்டர் இரண்டு முறை விசில் ஊதினார். கதையில் மருமகள் அப்போதுதான் மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். பொன்னி முடித்துவிட்டுத்தான் இறங்குவேன் என்று செஞ்சி ரோட்டில் பாதி தூரம் போய்விட்டாள். அவளோடு இன்னும் சிலரும் போனார்கள். மேற்கொண்டு டிக்கெட் எடுக்கச் சொன்னபோது கதை எழுதினவனிடம் வாங்கிக்கொள் என்றார்கள். எல்லாரும் வெயிலில் திரும்பி நடந்தார்கள். மறுநாள் அந்தப் பக்கத்து வண்டி எதிலும் காசியை ஏற்றவில்லை.

காசி புத்தகக் கட்டை வீட்டு வாசலில் போட்டான்.

"இன்னாணா கதை எழுதிக்கீற? ஊரே வந்துடுது, அந்தப் பொண்ணு இன்னும் மாமியாகிட்டப் பேசிக்கினு கீது. உன்னால என் சீப்பு யாவாரமும் போச்சு."

"அளந்துதாண்டா எழுதினேன்."

"இன்னாத்தால அளந்த?"

முருகையன் மறுநாள் அதே பஸ்ஸில் தன் கதையைத் தானே படித்துக்கொண்டு போனான். அவன் வேகமாகப் படிப்பவன். அவனுக்கே முடியவில்லை. இறங்கி, இவ்வளவு வேகமாக ஏன் ஓட்டுகிறாய் என்று டிரைவரிடம் சண்டைக்குப் போனான்.

"நான் எப்பவும் போலதான் ஓட்டறேன். எழுதறவன் எல்லாம் எனக்கு வேகம் சொல்ல வந்துட்டான்."

பொன்னி கூடையோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "கதை எழுதினது நீதானா? என்னை வெயில்ல நடக்க வெச்ச ஆளு?"

"மாசில சரியா இருந்துதும்மா. என் பொண்டாட்டி படிச்சுப் பார்த்தா."

"மாசிலயா?" பொன்னி அவனை மேலும் கீழும் பார்த்தாள். "ஏம்பா, மாசில இந்த ரோட்டுல ஊரு பூரா கொள்ளும் தொவரையும் போட்டிருக்குமே. சக்கரம் வழுக்கும்னு வண்டி ஊர்ந்துதான வரும்? நீ எந்த ஊரு?"

இந்த ஊர்தான் என்று சொல்ல முருகையனுக்கு வாய் வரவில்லை. சக்கரத்தில் செடி அடிபட்டு மணி உதிரட்டும் என்று ரோட்டில் பரப்புவது, அவன் பிறந்ததிலிருந்து பார்ப்பது. ரோடு என்றால் அப்படித்தான் என்று இருந்துவிட்டான். பரப்பாத ரோடு ஒன்று வருடத்தில் மற்ற மாதமெல்லாம் இருப்பது அவன் நினைவில் வரவே இல்லை. டிரைவரிடம் மெதுவாக ஏற்றச் சொன்னதும் அவன்தான். பொன்னி சிரிக்க ஆரம்பித்தாள். அவனும் சிரித்தான். டிரைவர் இறங்கிவந்து விஷயத்தைக் கேட்டுத் தானும் சிரித்தார். காசியை மறுபடி ஏற்றிக்கொள்வதாகச் சொன்னார். கதையைக் குறைத்தால் மட்டும்.

குறைப்பது அவ்வளவு எளிதாக இல்லை. எந்த வரியைத் தொட்டாலும் முருகையனுக்கு உயிர் போயிற்று. இரண்டு நாள் பார்த்துவிட்டுச் சந்திரம்மாள் வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"நான் ஒண்ணு சொல்வேன். கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"உங்க கதையில சில பக்கம் நான் எப்பவும் தாண்டிடுவேன்."

முருகையன் பேனாவைக் கீழே வைத்தான். "பஸ்ல ஒரு எழுத்து விடாம படிச்சியே?"

"பக்கத்துல நீங்க உக்காந்திருந்தீங்க. எப்படித் தாண்டறது?"

எதையெல்லாம் தாண்டுவாள் என்று காட்டச் சொன்னான். அவள் விரலை நனைத்துப் பக்கங்களைத் தள்ளினாள். கூச்சம் போய்விட்டது.

"இது மலை. இதுவும் மலை. காலையில ஒருவாட்டி, சாயங்காலம் ஒருவாட்டி. ஜன்னல் பக்கம் திரும்பினா மலை தானா தெரியுது. காசு குடுத்து எதுக்கு அதைப் படிக்கணும்? இது அந்தப் பொண்ணு தலைமுடி. ஒரு பக்கம் பூரா வருது. மாமியாகிட்டச் சண்டை போட்டுட்டுப் போறவளுக்குத் தலைமுடி ஒரு கேடா? இங்க வாழ்க்கைன்னா இன்னான்னு யோசிக்கிறா. மூட்டையைத் தூக்கிக்கினு ஓடறவ எங்க யோசிப்பா?"

"சண்டை?"

"சண்டையைத் தொடக் கூடாது. சண்டை இன்னும் கூடக் கொஞ்சம் இருக்கலாம்."

மலை போயிற்று. தலைமுடி போயிற்று. வாழ்க்கையில் இரண்டு வரி மட்டும் மிஞ்சியது. சந்திரம்மாளைத் தனியாக பஸ்ஸில் அனுப்பினான். கூடப் போகவில்லை. அவள் திரும்பி வந்து, கீழ்பென்னாத்தூர் ஏரிக்கரையில் கதை முடிந்ததாகவும் கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் நேரம் இருந்ததாகவும் சொன்னாள்.

ஆடி மாதம் கல்யாணம் கிடையாது. அச்சகம் சும்மா கிடந்தது. புதிய பதிப்பு சீக்கிரமே தயாரானது. காசி ஏறினான். இந்த முறை எல்லாரும் அவரவர் ஊரில் இறங்கினார்கள். இறங்கியதும் ஜன்னலடியில் நின்று அடுத்த கதை எப்போது என்று கேட்டார்கள். ஆவணியில் செங்கம் கதை எழுதினான். புரட்டாசியில் வேலூர் கதை. அப்போது ஜில்லாவின் பெரிய அலுவலகங்கள் எல்லாம் வேலூரில். மனுவை மடியில் வைத்துக்கொண்டு போகிறவர்களுக்குப் பிடிக்கும் என்று, கடைசியில் வழக்கு ஜெயிக்கிற மாதிரி முடித்தான். ஐப்பசி மாத வாடகையைக் கதைதான் கொடுத்தது. அன்றைக்குச் சந்திரம்மாள் வைத்த குழம்பில் எண்ணெய் கொஞ்சம் ஜாஸ்தி.

தீபத்தன்று காலை பஸ் ஸ்டாண்டில் நிற்க இடமில்லை. முருகையனும் காசியும் ஆளுக்கு ஒரு கட்டு வைத்திருந்தார்கள். சந்திரம்மாளும் ஒரு கட்டைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். முதலாளி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது.

"இன்னா முருகையா? இன்னைக்குத்தான் கெடு. நாற்காலி காலியா கீது. உள்ள வர்றியா?"

முருகையன் சந்திரம்மாளைப் பார்த்தான். நாற்காலிக்கு மாசம் பிறந்தால் சம்பளம். கதைக்கு அப்படி யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

சந்திரம்மாள்தான் பேசினாள். "அவருக்குக் கார்த்திகைக்கு ஒண்ணு, மார்கழிக்கு ஒண்ணுன்னு கதை பாக்கி கீதுங்க. நாற்காலியில வேற யாரையாவது உக்கார வெச்சுடுங்க."

"அம்மா, யோசிச்சுச் சொல்லு."

"சித்திரையில இருந்து யோசிச்சுக்கினுதான் கீறேன்." கட்டிலிருந்து ஒன்றை உருவி நீட்டினாள். "வேலூர் கதை. உங்களுக்குச் சும்மாவே தர்றேன்."

மாலையில் மலைமேல் தீபம் தெரிந்து கூட்டம் ஊருக்குத் திரும்பியபோது, பஸ்கள் ஒன்றன் பின் ஒன்றாக நின்றன. ஒரு வண்டியும் அசையவில்லை. மூவரும் வண்டிகளுக்கு நடுவே ஓடி ஓடி விற்றார்கள். நின்ற இடத்திலேயே ஒருவர் கீழ்பென்னாத்தூர் கதையை முடித்துவிட்டு ஜன்னல் வழியே கை நீட்டினார்.

"செங்கம் கதை கீதா?"

"நீங்க செங்கத்துக்காப் போறீங்க?" என்றான் காசி.

"நான் எங்கயும் போகலப்பா. பார்த்தா தெரியல? வேலூரும் குடு."

மூன்று கட்டுகளும் தீர்ந்தன. வண்டிகள் நகர ஆரம்பித்தபோது, கொஞ்சம் கழித்து நகர்ந்திருக்கலாமே என்று காசி வருத்தப்பட்டான்.

அதற்குப் பிறகு முருகையன் வேறு வேலைக்குப் போகவில்லை. மாதம் ஒரு கதை. விழுப்புரம், போளூர், அவலூர்பேட்டை என்று ரோடு ரோடாக எழுதினான். ஒவ்வொரு கதைக்கும் இரண்டு பதிப்பு. மாசிக்கு நீளமானது, மற்ற மாதங்களுக்குக் கம்மியானது. "கொள்ளுக் கதையா, வெறும் ரோட்டுக் கதையா?" என்று கேட்டு வாங்கப் பழகினார்கள். புது எக்ஸ்பிரஸ் விட்டால் முதலில் சந்திரம்மாள் போய் வருவாள். ராத்திரி போகிற பெங்களூர் வண்டிக்கு மட்டும் கதை கிடையாது. விளக்கை அணைத்துவிடுகிறார்கள்.

எண்பத்தொன்பதில் திருவண்ணாமலை தனி மாவட்டம் ஆயிற்று. ஊர் வெடி வெடித்துக் கொண்டாடியது. சில வாரம் கழித்துக் காசி முகம் தொங்கிப்போய் வந்தான்.

"வேலூர் வண்டியில மனு எடுத்துக்கினு ஒருத்தரும் வரலணா. எல்லாம் இங்கியே வந்துடுச்சாம். வேங்கிக்கால் பக்கம்."

வேலூர் கதைதான் அவர்களுடைய பெரிய வரவு. வீட்டில் பாதி அதில்தான் ஓடியது. மூவரும் டவுன் பஸ் ஏறி வேங்கிக்கால் போனார்கள். காசி வேலூர் கதையின் அட்டையைப் பிரித்தான். தலைப்பைப் படிப்பதற்குள் இறங்கும் இடம் வந்துவிட்டது.

"முடிஞ்சுது," என்றான். "இதுக்குக் கதை எழுதணும்னா பேரு மட்டும்தான் எழுதலாம்."

புது அலுவலகத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் மனு கொடுக்க வந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். காலையிலேயே வந்தவர்கள். கூட்டம் அப்படி. சிலர் சாப்பாடு கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். ஒருவர் துண்டை விரித்துப் படுத்திருந்தார். சந்திரம்மாள் ஓர் அம்மாளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"எப்ப கூப்பிடுவாங்களாம்?"

"சாப்பாட்டுக்கு அப்புறம்னாங்க."

"அதுவரைக்கும் இன்னா செய்வீங்க?"

"இன்னா செய்யறது? உன்னைப் பார்க்கறேன், அவனைப் பார்க்கறேன்."

சந்திரம்மாள் திரும்பி முருகையனைப் பார்த்தாள். அவன் ஏற்கெனவே சட்டைப் பையில் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தான். செருப்பைக் கழற்றிப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, தொடையில் காகிதத்தை வைத்து எழுத ஆரம்பித்தான். அந்த அம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"இன்னாபா, மனுவா?"

"கதைங்க."

"எம்மாம் பெரிசு?"

"உங்களைக் கூப்பிடற வரைக்கும்."

அவள் மரத்தடி முழுவதையும் ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். "அப்போ நல்லா பெரிசாவே எழுது. எனக்கு முன்னாடி எவ்ளோ பேர் கீறாங்க பாரு."